வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

“இது நிக்குமா?”

நர்ஸ் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அக்காவைப் பார்த்துக் கேட்டிருந்தால் அவள் அரை மணி நேரம் பதில் சொல்லியிருப்பாள். எனக்குப் பேச்சு அவ்வளவு சுலபமாக வராது. பின்னல் நுனியைப் பிடித்து இரண்டு முறுக்கு முறுக்கினேன். தலையை ஆட்டினேன். நிற்கும் என்று அர்த்தம்.

மறுநாள் காலை அவருடைய மின்சார பைக் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

எங்கள் கடை ஒரு சரிவான தெருவின் உச்சியில் இருக்கிறது. வாசலில் ஒரு நட்டைக் கைதவற விட்டால் அது அடிவாரம் வரைக்கும் உருண்டுவிட்டுத்தான் மூச்சு விடும். அடிவாரத்தில் பேருந்துகள் போகும் பெரிய சாலை குறுக்கே ஓடுகிறது. சாலைக்கு முன்னால் சிக்னல் கம்பம், கம்பத்தை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு. மின்சார பைக் வைத்திருக்கிற யாரும் அந்தக் கோட்டில் நின்றுதான் ஆக வேண்டும். அதனால் எங்கள் தெருவில் பிரேக்கைப் பற்றி யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை.

கடை பத்தடி அகலம், முப்பதடி நீளம். வாசலை ஒட்டி பேட்டரி பார்க்கிற வோல்ட்டு மாமாவின் மேசை. நடுவில் அக்காவின் மேசையும் அவள் வாயும். கடைசியில் ஒரு நீலத் திரை, திரைக்குப் பின்னால் என் பிரேக் மேசை. வருகிறவர்கள் அக்காவை ‘பிரேக்கக்கா’ என்பார்கள். அவள் ஒரு பேடை, அதாவது சக்கரத் தட்டைக் கவ்வி நிறுத்துகிற பிரேக் கட்டையை, கழற்றி இரண்டு வருஷம் இருக்கும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவள் வாய், நான் கை. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு கடை.

கையைப் பற்றி நான் கூச்சப்படுவதில்லை. பிரேக் லீவரை ஒருமுறை அமுக்கினால் எண்ணெய்க் குழாயில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று எனக்குத் தெரியும். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் டிஸ்க் தட்டு எந்த இடத்தில் நெளிந்திருக்கிறது என்று காது சொல்லும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து டயரைக் கழற்றுகிறவர்களைப் பார்த்தால் ஓடிப்போய் வண்டியை நிமிர்த்திவிடுவேன். லீவரின் எண்ணெய்க் கிண்ணத்தில் தங்கியிருக்கிற காற்று மெதுவாகக் குழாய்க்குள் ஏறிவிடும், அப்புறம் லீவர் பஞ்சு மாதிரி கைப்பிடி வரைக்கும் போகும். இதையெல்லாம் எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கழற்றினேன், மாட்டினேன், கெடுத்தேன், எழுதிவைத்தேன்.

எழுதிவைத்தது யாருக்கும் தெரியாது. காலியான பேட் டப்பாக்கள் அடுக்கிய தட்டுக்குப் பின்னால் நான்கு நோட்டுகள் ஒளித்துவைத்திருந்தேன். ஒரு வண்டிக்கு ஒரு பக்கம். மேல் பாதியில் பேட் எவ்வளவு தேய்ந்திருந்தது, லீவர் எந்த இடத்தில் பிடித்தது, என்ன மாற்றினேன் என்பது. கீழ்ப் பாதியில் அன்றைக்கு யார் வந்தார், என்ன பேசினார் என்பது, பேசினபடியே. வாயால் சொல்ல முடியாத பதில்களையும் அங்கேதான் சொல்லிக்கொள்வேன். அக்கா கையில் அது சிக்கினால் ஜென்மத்துக்கும் கிண்டல் நிற்காது. அவள் குறட்டையைப் பற்றியே ஒன்றரைப் பக்கம் இருக்கிறது.

நர்ஸ் வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுக் கட்டுகிறவர், ஊசி போடுகிறவர். படுக்கையோடு கிடக்கிறவர்கள் காலை ஏழு மணியிலிருந்து அவருக்காகக் காத்திருப்பார்கள். வண்டியின் பின்னால் ஒரு மருந்துப் பெட்டி, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். பேட்டரி கனம் வேறு. இத்தனையையும் அதுவரை இரண்டு பிரேக் கம்பிதான் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது. சரிவில் இறங்கும்போது நாலு விரலாலும் இழுத்து இழுத்து அவர் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கிற ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்கள் அலுவலகம் சம்மதித்திருந்தது. மொத்தம் ஆறு வண்டி. முதலில் இவருடையது. இது சரியாக நின்றால் மற்ற ஐந்தும் எங்களிடம் வரும்.

திங்கட்கிழமை வண்டியை விட்டுவிட்டு நர்ஸ் போகவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, டியூப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“நான் ஊசி போடறப்ப எல்லாரும் வேற பக்கம் பாப்பாங்க. எனக்கு அப்படிப் பாத்துப் பழக்கமில்ல. என் வண்டிக்கு என்ன பண்றீங்கன்னு பாக்கணும்” என்றார்.

“தாராளமா பாருங்க சிஸ்டர்” என்று அக்கா அங்கிருந்தே கத்தினாள். “ஆனா அவகிட்ட பேச்ச எதிர்பாக்காதீங்க. அது ஊமைக்கோட்டான்.”

வேலை நன்றாகத்தான் போனது. பழைய கம்பியை உருவினேன். குழாய் இழுத்தேன். தட்டை ஒரு அளவு பெரிதாகப் போட்டேன். பெரிய தட்டு சூட்டைத் தாங்கும், அதிகக் கனத்தை நிறுத்தும். லீவரைத் தொட்ட நொடியே மோட்டார் அணைகிறதா என்று பார்த்தேன். அது அணையாவிட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும், மோட்டார் ஒரு பக்கம் தள்ளும், பொருந்தாத புருஷன் பெண்டாட்டி மாதிரி. பின் சக்கரத்தை முடித்துவிட்டு முன் சக்கரத்துக்கான புதுப் பேடைக் கையில் எடுத்தபோதுதான் அவர் ஆரம்பித்தார்.

“எத்தன வருஷமா இந்த வேலை?”

நான்கு விரலைக் காட்டினேன்.

“ஸ்கூல் போகலையா?”

இல்லை என்று தலையசைத்தேன்.

“இது நிக்குமா?”

அதற்குத்தான் அந்தத் தலையாட்டல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுப் பேடும் புதுத் தட்டும் மாட்டிய உடனே ஒட்டிப்போகாது. வேகம் எடுத்து, லீவரைச் சீராகப் பிடித்து, நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். முழுசாக நிறுத்தக் கூடாது. இப்படி இருபது தடவையாவது செய்தால் பேடின் பொடி தட்டில் சீராகப் படியும். அதற்கப்புறம்தான் பிரேக்குக்குப் பல் முளைக்கும். அன்றைக்கு நர்ஸுக்கு நேரமாகிவிட்டது. ‘பத்து நிமிஷம் குடுங்க’ என்று நான் சொல்ல வேண்டும். சொல் பல் வரைக்கும் வந்து திரும்பிப்போய்விட்டது.

“ஓட்ட ஓட்டப் படிஞ்சிடும் சிஸ்டர், மொத நாள் மட்டும் கொஞ்சம் பாத்துப் போங்க” என்று அக்கா வழியனுப்பிவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு சரிவில் ஏறி வந்தார். மோட்டார் இருக்கிற வண்டியை ஒருவர் தள்ளிக்கொண்டு ஏறினாலே கதை தெரிந்துவிடும். வோல்ட்டு மாமா சாலிடரிங் கம்பியைக் கீழே வைத்தார்.

“சிவப்பு விழுந்துச்சு. பிடிச்சேன்” என்றார் நர்ஸ். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “பின் சக்கரம் தேய்ச்சுக்கிட்டு நின்னுச்சு. முன் சக்கரம் ஊளையிட்டுக்கிட்டே போகுது. கோட்டத் தாண்டி நாலடி. பஸ் டிரைவர் நல்ல மனுஷன், பஸ்ஸோட பிரேக் நல்ல பிரேக். அதனால நான் இங்க நிக்கிறேன்.”

அக்கா மேசையை விட்டு எழுந்தாள்.

நர்ஸ் அவளைத் தாண்டி வந்து திரையைத் தள்ளினார். “நீதான தலையாட்டின?”

என் கை பின்னலுக்குப் போனது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் வருவதாகச் சொன்னார். அதுவரை நடந்தே பார்த்துக்கொள்வதாகவும், அன்றைக்கும் இதே கதைதான் என்றால் ஆறு வண்டியும் வேறு கடைக்குப் போகும் என்றும் சொல்லிவிட்டு, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அந்தப் பெட்டி அவரை ஒரு பக்கமாகச் சாய்த்தது. கீழே போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா திரையைச் சுருட்டிக் கம்பியில் போட்டாள்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் உனக்கு டைம். இல்லன்னா நீ பஞ்சர் மேசைக்குப் போ. பிரேக்குக்கு வேற ஆள் பாத்துக்கறேன். தங்கச்சின்னு பாத்தா ஒரு நாள் எவனாவது பஸ்ஸுக்கு அடியில போயிடுவான்.”

அவள் கோபத்தில் சொல்கிறாளா, உண்மையாகச் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியும். கோபத்தில் சொன்னால் ‘டீ’ வரும். இதில் ஒரு ‘டீ’கூட இல்லை.

பஞ்சர் மேசை கேவலமில்லை. ஆனால் டயரில் காற்று இறங்கினால் வண்டி நிற்கும். பிரேக் இறங்கினால் வண்டி நிற்காது. அந்த இரண்டாவது வேலையைத்தான் நான் என் வேலை என்று நினைத்திருந்தேன். உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

முதலில் எல்லோரும் சொன்னதைச் செய்தேன். “படியல, அதான்” என்றாள் அக்கா. பின்தெருவில் சமதரையில் இருபது தடவை வேகம் எடுத்துப் பிடித்து விட்டேன். இன்னொரு இருபது. பின்பக்கம் கல் மாதிரி பிடித்தது. முன்பக்கம் ஒவ்வொரு தடவையும் ஊளை, பிடிப்பில்லை. காற்று இருக்குமோ என்று குழாயில் பழைய எண்ணெயை வெளியேற்றி, புது எண்ணெய் ஏற்றினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. லீவர் திங்கட்கிழமை இருந்த மாதிரியே கெட்டியாக இருந்தது. தட்டு நெளிவு இல்லை. பேடைப் பிடித்திருக்கிற காலிப்பர் நேராக உட்கார்ந்திருந்தது.

“கண்ணு பட்டிருக்கும்” என்றார் வோல்ட்டு மாமா. “அந்தம்மா பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துச்சே.”

“பாத்தா கெட்டுப்போறதுக்கு அது என்ன பாலா?” என்றாள் அக்கா. “பேட் கம்பெனி ஏமாத்தறான். போன வருஷமும் இதே மாதிரி ரெண்டு மூணு வந்துச்சு.”

ரெண்டு மூணு இல்லை. ஏழு. என் நோட்டில் இருந்தது.

புதன்கிழமை மதியம் அக்கா சாப்பிட வீட்டுக்குப் போனாள். மாமா நாற்காலியைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினார். நான் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டு நான்கு நோட்டுகளையும் எடுத்து மேசையில் பரப்பினேன். முன்பிரேக் ஊளையிட்டுத் திரும்பி வந்த ஏழு வண்டிகளின் பக்கங்களைத் தேடி மடித்துவைத்தேன். பேட் வேறு வேறு கம்பெனி. தட்டு வேறு வேறு அளவு. வெயில் நாள், மழை நாள் இரண்டும் இருந்தன. மேல் பாதியில் ஒற்றுமையே இல்லை.

கீழ்ப் பாதியைப் படித்தேன்.

‘பால்காரர் திரைக்குள் எட்டிப்பார்த்து, ஏம்மா நீதான் அந்தத் தங்கச்சியா என்றார்.’ ‘தையல்காரம்மா கல்யாணம் எப்போ என்று கேட்டார்.’ ‘பழைய வகுப்புத் தோழி வந்தாள். என்னைத் தெரியாத மாதிரி இருந்துவிட்டு அப்புறம், நீயா என்றாள்.’ ஏழு பக்கத்திலும் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டிருந்தார்கள். யாரும் எட்டிப்பார்க்காத நாட்களில் மாட்டிய பிரேக் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

ஒரு நிமிஷம் எனக்கே வோல்ட்டு மாமா சொன்னது சரிதானோ என்று தோன்றியது. பேசினால் பிரேக் கெடுமா?

அப்போது வாசல் வெளிச்சம் மடித்த பக்கத்தின்மேல் விழுந்தது. தாளின் வலது ஓரத்தில், நான் பிடித்து எழுதுகிற இடத்தில், ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் மட்டும் அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது. அடுத்த மடிப்பைத் திருப்பினேன். அங்கேயும் அப்படி ஒன்று. ஏழிலும் இருந்தது. கேள்வி இல்லாத பக்கங்களில் கரி இருந்தது, ரப்பர் தூள் இருந்தது, அந்த வட்டம் இல்லை.

கடை எண்ணெய் தாளில் பட்டால் கறுப்பாகும். இது கறையே இல்லாத கறை. முகர்ந்து பார்த்தேன். என் தலையணை வாசனை அடித்தது.

காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிக்கொண்டு வருகிறவள் நான். யாராவது கேள்வி கேட்டால் என் கை எங்கே போகும் என்று இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பின்னலைப் பிடித்து முறுக்கின அதே விரலால் பேடை எடுத்து மாட்டியிருக்கிறேன், தட்டைத் தொட்டிருக்கிறேன். பேட் குடிக்கிற ஜாதி. ஒரு துளி எண்ணெயைக் குடித்துவிட்டால் அவ்வளவுதான், அதை எதனாலும் வெளியே எடுக்க முடியாது. குழாய்க்குள் இருக்கிறவரை எண்ணெய்தான் பிரேக்குக்கு உயிர். வெளியே ஒரு விரல் பட்டாலும் அதுவே எமன். இதை நான்தான் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

நர்ஸின் முன்பேடைக் கழற்றி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கருகின வாசனைக்கு அடியில் அதே தலையணை.

சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன் போல. மாமா நாற்காலியோடு முன்னால் விழப் பார்த்தார்.

“என்ன பாப்பா, மோட்டார் சூடாயிடுச்சா?”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். கை கெட்டுப்போகவில்லை. கைக்கு வேலை தெரியும். நடுவில் அது ஊர் சுற்றப் போய்விடுகிறது, அவ்வளவுதான். காரணம் தெரிந்த பழுது பழுதே இல்லை. ஆனால் அக்காவிடம் சொல்ல வேண்டும். வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டாள். என் வாயால் எத்தனை சொல் வந்துவிடப் போகிறது? நோட்டைக் காட்ட வேண்டும்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். நான்கு நோட்டையும் அவள் மேசையில் வைத்தேன்.

“என்னடீ இது?”

‘டீ’ வந்துவிட்டது. எனக்குப் பாதி உயிர் வந்தது. மடித்த பக்கங்களை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். பின்னலைத் தொட்டேன், பேடைத் தொட்டேன், ஊளை மாதிரி சத்தம் போட்டேன். அவள் விழித்தாள்.

“வாயத் தொறந்து சொல்லேன்!”

“என் தல எண்ணெய்” என்றேன். “யாராச்சும் பேசினா கை மேல போயிடுது. அதே கையால பேட மாட்டிடறேன்.”

அக்கா ஏழு பக்கத்தையும் புரட்டினாள். தாளை முகர்ந்தாள். பேடை முகர்ந்தாள். கடைசியில் குனிந்து என் தலையை முகர்ந்தாள்.

“அடிப்பாவி. போன வருஷம் பூரா நான் பேட் கம்பெனிக்காரனத் திட்டியிருக்கேன். அவன் அம்மாவையெல்லாம் இழுத்திருக்கேன்.” புரட்டிக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் நின்றாள். “‘அக்காவின் குறட்டை மூன்று வகைப்படும்.’ இது என்ன?”

வோல்ட்டு மாமா எழுந்து வந்துவிட்டார். “சத்தமா படி, சத்தமா படி.”

“ரெண்டாவது வகை, பிரேக் குழாய பிளீடிங் பண்றப்ப கடைசிக் காத்து வெளிய வர்ற மாதிரி இருக்குமாம்.” அக்கா நோட்டால் என் தலையில் ஒன்று போட்டாள். பிறகு நோட்டில் எண்ணெய் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். “சரி. இனிமே தலைக்கு எண்ணெய் வைக்காத. வெள்ளிக்கிழமை அந்தம்மா வர்றப்ப நீ பின்னாடி இரு, நான் பேசிக்கறேன்.”

அக்காவின் வழியில் பிரேக் சரியாகிவிடும். ஆனால் கேள்வி வந்தால் கை எங்காவது போகத்தான் போகும். இன்றைக்குப் பின்னல், நாளைக்குக் கழுத்து வியர்வை, மறுநாள் செயின் மசகு. அது எனக்குப் போதவில்லை.

“இல்லக்கா” என்றேன். “அவங்க முன்னாடியே மாட்டறேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். ‘இல்லக்கா’ என்ற சொல்லை நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை நர்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்தார். நான் முன் சக்கரத்தைக் கழற்றிவைத்திருந்தேன். பழைய பேட் இரண்டையும் உடைத்துக் குப்பையில் போட்டாயிற்று. பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டு, அதன்மேல் இறுக்கமாக ஒரு துணியைக் கட்டியிருந்தேன். அவர் வந்து நின்றதும், இரண்டு நாளாகப் பின்தெருவில் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்ததைச் சொன்னேன்.

“சிஸ்டர், அன்னிக்குத் தப்பு என்னோடது. கேள்வி கேட்டா கை தலைக்குப் போயிடும். தலைல எண்ணெய். அது பேடுல பட்டுடுச்சு. அப்புறம் ஓட்டிப் படிய வச்சுட்டுக் குடுக்கணும், அதையும் சொல்லல. இன்னிக்கு மாட்டறப்ப நீங்க பக்கத்துல உக்காந்து கேள்வி கேக்கணும். கேட்டுக்கிட்டே இருக்கணும்.”

நர்ஸ் அக்காவைப் பார்த்தார்.

“என்னப் பாக்காதீங்க சிஸ்டர்” என்றாள் அக்கா. “ஒரே மூச்சுல இவ்வளவு பேசி நானே இப்பத்தான் கேக்கறேன்.”

நர்ஸ் டியூப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. “நாங்க ஊசியத் தொடறதுக்கு முன்னாடி தலைய மூடிக் கைய கழுவிட்டுத்தான் மறுவேல. நீ கழுவினியா?”

“முழங்கை வரைக்கும்.”

“சரி, எடு.”

தட்டை ஸ்பிரிட் நனைத்த புதுத்துணியால் துடைத்தேன். துணி கறுப்பானது. வேறு துணி எடுத்தேன். அது வெள்ளையாகவே இருக்கிற வரைக்கும் துடைத்தேன்.

“வயசென்ன?”

“பத்தொம்பது.”

“எதுக்கு இத்தன தடவ தொடைக்கற?”

“பழைய பேட் பூசின எண்ணெய் தட்டுல இருக்கும். புதுப் பேட் அதக் குடிச்சிடும்.”

“ஸ்கூல ஏன் விட்ட?”

கை புறப்பட்டுவிட்டது. எனக்குத் தெரியாமலே காது வரைக்கும் போய்விட்டது.

“கை!” என்றார் நர்ஸ். அந்த ஒரு சொல்லில் வாசலில் வோல்ட்டு மாமாவும் கையைத் தூக்கிவிட்டார்.

விரல் தலைத்துணியில் பட்டிருந்தது. நான் எழுந்து போய்த் திரும்பவும் முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு வந்தேன். உட்கார்ந்தேன். புதுப் பேடின் உறையைக் கிழித்தேன்.

“ஸ்கூல ஏன் விட்டன்னு கேட்டேன்.”

“எழுந்து நின்னு பாடத்த வாசிக்கச் சொன்னாங்க.”

“வாசிச்சியா?”

“மனசுக்குள்ள வாசிச்சேன்.” பேடை ஓரத்தில் பிடித்து, அதன் தேயும் முகத்தைத் தொடாமல் உள்ளே நுழைத்தேன். “கிளாஸ் பூரா சிரிச்சுது. மறுநாள் போகல. அதுக்கு மறுநாளும் போகல.”

“அப்புறம்?”

“அப்புறம் அக்கா ஒரு ஸ்பேனர் குடுத்தா.”

கை மறுபடி அசைந்தது. இந்தத் தடவை எனக்கே தெரிந்தது. தோள் வரைக்கும் வரவில்லை, முழங்கை மடங்கியதோடு நின்றுவிட்டது. நான் அதைப் பார்த்தேன். நர்ஸும் பார்த்தார். அடுத்த கேள்வியைப் போட்டார். பேட் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும், மழையில் ஏன் முதல் பிடி வழுக்குகிறது, வண்டியைக் கவிழ்த்து வைக்கலாமா கூடாதா என்று அவர் கேட்கக் கேட்க, நான் பதில் சொல்லிக்கொண்டே பேடைத் தாங்குகிற ஊசியைப் பூட்டினேன், சக்கரத்தை மாட்டினேன், அச்சை இறுக்கினேன். எனக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் கேட்கிறார் என்பது பாதி வேலை ஆன பிறகுதான் உறைத்தது. அதற்கப்புறம் கை அதன் இடத்தைவிட்டு நகரவே இல்லை.

“பத்து நிமிஷம் குடுங்க” என்றேன்.

பின்தெருவில் இருபது தடவை. ஐந்தாவது தடவை வரைக்கும் மொழுக்கென்று இருந்தது. பத்தில் லேசாகக் கடித்தது. பதினைந்தில் தட்டிலிருந்து சூடான ஒரு வாசனை வந்தது, சுத்தமான வாசனை. இருபதில் ஒரு விரல் வைத்தேன், என் உடம்பு கைப்பிடியை நோக்கிச் சாய்ந்தது. ஊளை இல்லை.

திரும்பி வந்து மருந்துப் பெட்டியைப் பின்னால் ஏற்றிக் கட்டினேன். அக்கா, நர்ஸ், மாமா மூன்று பேரும் வாசலில் நின்றார்கள்.

“நான் ஓட்டிக் காட்டறேன்” என்றேன்.

“ஏய், பாத்துடீ” என்றாள் அக்கா.

சரிவில் மோட்டாரே வேண்டாம், கனமே இழுத்துக்கொண்டு போகும். காதில் காற்று கிழிந்தது. சிக்னல் பச்சையாக இருந்தது, நான் கிட்டே போவதற்குள் மஞ்சளாகிச் சிவப்பானது. பெரிய சாலையில் ஒரு பேருந்து கிளம்பியது. ஒரு விரல். ஒரே ஒரு விரல். முன் சக்கரம் ஒரு சத்தமும் இல்லாமல் தரையைப் பிடித்துக்கொண்டது. குனிந்து பார்த்தேன். டயருக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் என் செருப்பை வைக்கலாம்.

மேலே ஏறி வரும்போது மோட்டாரை முழுசாகப் போட்டுக்கொண்டு வந்தேன். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

நர்ஸ் வண்டியை வாங்கிக்கொண்டார். பெட்டியின் கட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். லீவர் இரண்டையும் ஒரு விரலால் அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். அப்புறம் என்னைப் பார்த்தார். கேட்பார் என்று நினைத்தேன். ‘நிக்கும் சிஸ்டர்’ என்ற பதில் பல்லுக்குப் பின்னால் தயாராக இருந்தது. இந்தத் தடவை அது திரும்பிப் போகாது என்று எனக்குத் தெரியும். கை இரண்டும் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

அவர் கேட்கவில்லை. காலை ஊன்றித் தள்ளி, பெடலில் ஏறி, சரிவில் இறங்கினார். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே போகவில்லை, வேகத்தைப் போகவிட்டார். கீழே சிவப்பு. பெட்டியின் பின்னால் இருந்த சின்ன பிரேக் விளக்கு எரிந்தது. வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. பேருந்து ஒன்று குறுக்கே போனது. பச்சை விழுந்ததும் திரும்பிப் பார்க்காமல் வலது பக்கம் திரும்பிப் போய்விட்டார்.